ராத்திரி ட்யூட்டி முடிஞ்சா பிள்ள எப்படி ரூமுக்கு வருவா?

கோவத்தோடதான் எழுதுறேன். பதிவு நீளமாப் போகும். பிள்ளைய வெளிநாட்டுக்கு இன்டர்ன்ஷிப் அனுப்பலாமா வேண்டாமான்னு முழிச்சுக்கிட்டு இருக்கிற அம்மா அப்பா யாராவது படிச்சா, கடைசி வரைக்கும் படிங்க.

அக்கா மக ஹோட்டல் மேனேஜ்மென்ட் கடைசி வருஷம் படிக்கிறா. மலேசியால, கோலாலம்பூர்ல ஒரு ஹோட்டல்ல ஆறு மாசம் பயிற்சி. கிச்சன், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரன்ட் ஆபீஸ்னு மாத்தி மாத்திப் போடுவாங்களாம். இதுக்காகப் பெத்தவங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் வச்சாங்க. அக்காவும் அத்தானும் குலசையில இருந்து பஸ் ஏறி வந்தாங்க. நானும் கூடப் போனேன்.

(வெளியூர்க்காரங்களுக்கு: குலசைன்னா குலசேகரன்பட்டினம். தசராவுக்கு வேஷம் கட்டிக்கிட்டு லட்சக்கணக்குல சனம் கூடுமே, அந்த முத்தாரம்மன் கோயில் ஊரு. இஸ்ரோவோட ரெண்டாவது ராக்கெட் ஏவுதளம் வருதே, 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டுனாங்களே, அதே ஊரு.)

மேடையில ஏஜென்சிக்காரர் ஒருத்தர். திரையில பெட்ரோனாஸ் கோபுரம், நீச்சல் குளம், கோட்டு போட்ட பிள்ளைங்க படம். ஒரு மணி நேரம் ஓடுச்சு. அப்புறம், "பேரன்ட்ஸ் ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்"னாரு.

யாரும் வாயே திறக்கல. எங்க அக்கா எந்திரிச்சா.

"சார், ராத்திரி ட்யூட்டி முடிஞ்சா பிள்ள எப்படி ரூமுக்கு வருவா?"

அவ்வளவுதான் கேட்டா. அதுக்கு வந்த பதில்:

"அம்மா, அது ரொம்ப சேஃபான ஊரும்மா. ஒண்ணும் ஆகாது. நீங்க பயந்தா பிள்ளையும் பயப்படும். பாசிட்டிவா இருங்க."

நாலு பேரு கைதட்டுனாங்க. அக்கா முகம் சுருங்கிப் போயி உட்கார்ந்துட்டா.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்!

அந்த ஒரு மணி நேரத்துல அந்த ஹால்ல பேசுனதுலயே உருப்படியான பேச்சு அது ஒண்ணுதான். ஹோட்டல்ல ரெண்டாவது ஷிஃப்ட் ராத்திரி பதினொண்ணுக்கு முடியும். தங்குற இடம் எவ்வளவு தூரம்? ஸ்டாஃப் வேன் உண்டா? அது எத்தனை மணி வரைக்கும் ஓடும்? வேன் இல்லாத அன்னிக்கு டாக்சிக்கு யார் காசு குடுப்பாங்க? ஒரே ஒரு வரியில பதில் சொல்லியிருக்கலாம். பதில் தெரிஞ்சவரா இருந்தா சொல்லியிருப்பாரு. தெரியல. அதனால கேட்டவளையே பயந்தாங்கொள்ளி ஆக்கிட்டாரு.

இது எனக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கல.

பெத்தவங்க பயத்தை அறியாமைன்னு நினைக்கிறவங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லணும். நீங்க பேசுறது எந்த ஊரு ஆளுங்ககிட்டன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.

எங்க கரைக்கு வெளியூர்ப் பயணம் புதுசு இல்ல. குலசையே ஒரு காலத்துல துறைமுகம். காயல்பட்டினம், மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம்னு வரிசையா எல்லாமே கடலைப் பாத்து வாழ்ந்த ஊருங்க. கொழும்புக்குக் கடைக்குப் போனவங்க, தூத்துக்குடித் தோணியில மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போறவங்க, வளைகுடாவுல பாதி ஆயுசைக் கழிச்சவங்க, கப்பல்ல வேலை பாக்கிறவங்க. இதுல ஒருத்தர் இல்லாத தெருவைக் காட்டுங்க பாப்போம்.

எங்க ஆச்சி சொல்லும். தாத்தா கொழும்புக்குத் தோணி ஏறுனா, போய்ச் சேர்ந்த சேதி வர்ற வரைக்கும் வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டாங்களாம். அப்படிக் காத்துக் கிடந்த குடும்பத்துப் பொம்பளைக்குப் பயணத்துல எது எது தப்பாப் போகும்னு நல்லாவே தெரியும். அதனாலதான் வேன் எப்போ வரும்னு கேக்குறா. அவ கேட்டதுக்குப் பதில் வேணும். தைரியம் சொல்ல ஆள் வேண்டாம்.

(ஆச்சி இப்பவும் இருக்கு. பேத்தி வெளிநாடு போறான்னதும், "ஏட்டி, இங்கனயே ராக்கெட்டு விடப் போறாவளாமே, அங்க ஒனக்கு வேல கெடைக்காதா?"ன்னு கேட்டுச்சு. "ராக்கெட் விடுற இடத்துல நான் என்ன ஆச்சி பண்ண, பொங்கிப் போடவா?"ன்னா இவ. "பொங்கத்தான படிக்க? அவுகளுக்கும் பசிக்கும்லா!" யாராலயும் பதில் பேச முடியல.)

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

பெத்தவங்க மனசுல ஓடுற படம் எதுவும் கற்பனை இல்ல. எல்லாம் டிவியில பாத்தது. ஒவ்வொண்ணையும் எடுத்து வச்சுப் பேசுனாத்தான் பயம் தெளியும்னு நான் நம்புறேன். மூடி மறைச்சா கூடத்தான் செய்யும்.

முதல்ல உக்ரைன். 2022 பிப்ரவரி 24-ல போர் தொடங்குச்சு. நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைங்களும் எத்தனையோ பேரு மெட்ரோ சுரங்கத்துலயும் பதுங்கு அறையிலயும் கிடந்தாங்க. கர்நாடகாப் பையன் ஒருத்தன் கார்கிவ்ல குண்டு வீச்சுல செத்துப் போனான். 'ஆபரேஷன் கங்கா'ன்னு 90 விமானம் விட்டு ஆளுங்களைக் கொண்டுவந்தாங்க. ஆனா கவனிச்சீங்களா, பிப்ரவரி 15-ஆம் தேதியே இந்தியத் தூதரகம், "மாணவர்கள் தற்காலிகமா வெளியேறுறதைப் பத்தி யோசிங்க"ன்னு அறிவிப்பு குடுத்துச்சு. போர் தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போதே! ஆன்லைன் கிளாஸ் கிடையாது, வருகைப் பதிவு போயிடும்னு பல பேரு தங்கிட்டாங்க. பிள்ளைங்களைக் குறை சொல்ல மாட்டேன். "படிப்பு எங்கயும் போகாது, நீ கிளம்பு"ன்னு சொல்ல வேண்டிய காலேஜ் சொல்லல.

ரெண்டாவது, மியான்மர். இதுதான் எனக்கு ரொம்பப் பயம். ஏன்னா இது போரும் இல்ல, புயலும் இல்ல. ஆளை நம்ப வச்சுக் கூட்டிட்டுப் போறது. தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங், நல்ல சம்பளம்னு சொல்லி, பாங்காக்ல இறக்கி, எல்லை தாண்டி மியான்மருக்குள்ள கொண்டுபோயி, கம்பி வேலிக்குள்ள உட்கார வச்சு, ஆன்லைன் மோசடி வேலை செய்யச் சொல்றது. மாட்டேன்னா அடி. 2022 செப்டம்பர்லயே வெளியுறவு அமைச்சகம் இதைப் பத்தி எச்சரிச்சுச்சு. அதுக்கப்புறமும் 2025 மார்ச்ல ரெண்டே நாள்ல 549 இந்தியர்களை விமானப்படை விமானத்துல கொண்டுவர வேண்டியிருந்துச்சு. போனவங்க படிச்ச பிள்ளைங்கதான்.

மூணாவது, இஸ்ரேல். இது நம்ம ஊரு செய்தி இல்லன்னாலும் என் மனசை விட்டுப் போகல. படிச்சுக்கிட்டே சம்பாதிக்கிற திட்டத்துல விவசாயப் பயிற்சிக்குப் போன நேபாளப் பல்கலைக்கழகப் பிள்ளைங்க. போயி ஒரு மாசம் கூடச் சரியா ஆகல. 2023 அக்டோபர் 7-ஆம் தேதி காலையில, காசா எல்லைக்குப் பக்கத்துல இருந்த பண்ணையில பத்து பேரைக் கொன்னுட்டாங்க. அத்தனையும் முறைப்படி போன பிள்ளைங்க. பேப்பர் எல்லாம் சரியா இருந்தும் இடம் சரியில்ல.

அதனால "நூறு சதவீதம் சேஃப்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. அப்படி ஒரு நாடும் கிடையாது, நம்ம ஊரும் கிடையாது.

இதுல எனக்கு ஆறுதலும் இதே செய்திகள்ல இருந்துதான் கிடைச்சுது. மூணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எந்த இடம், எந்த விசா, யார் கையில பிள்ளை இருக்கு, திரும்பி வர வழி என்ன. இந்த நாலையும் கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். ஆபத்துல பெரும்பாதி இந்த நாலு கேள்வியிலயே வடிகட்டிரும்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுல இதைத்தான் பேசுனோம்.

அத்தான் உப்பளத்துல கணக்கு எழுதுறவங்க. அதிகம் பேச மாட்டாங்க. நானும் அக்காவும் கத்திக்கிட்டு இருக்கோம், அவங்க போயி நீள நோட்டு ஒண்ணை எடுத்துட்டு வந்து, நடுவுல கோடு போட்டாங்க. இடது பக்கம் கேள்வி. வலது பக்கம் பதில், அதுக்குக் கீழ யார் சொன்னாங்க, எந்தத் தேதி, எழுத்துல குடுத்தாங்களா வாய்ல சொன்னாங்களா.

"வாய்ல சொன்னதெல்லாம் செவப்பு மையில எழுது. எழுத்துல வந்தா நீல மை. எல்லாம் நீலமா மாறுனா பிள்ள போகட்டும்."

அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்கு இதைவிட நல்ல வழி இதுவரைக்கும் யாரும் சொல்லல.

அந்த நோட்டுல இருந்து முக்கியமானதை இங்க எழுதுறேன். உங்க வீட்டுக்கும் ஆகும்.

விசா.

2023 டிசம்பர் 1-ல இருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் மலேசியா போய் வரலாம். சுத்திப் பாக்கப் போறவங்களுக்கு நல்ல விஷயம். ஆனா அது சுற்றுலாவுக்கு. பயிற்சிக்குப் போற பிள்ளைக்கு 'புரொஃபஷனல் விசிட் பாஸ்'னு தனியா ஒண்ணு உண்டு. அங்க இருக்கிற ஹோட்டல்தான் அந்த ஊரு இமிக்ரேஷன்ல விண்ணப்பிச்சு வாங்கணும்.

ஏஜென்சியில என்ன சொன்னாங்க தெரியுமா? "பாஸ் வரக் கொஞ்சம் லேட் ஆகும். முதல்ல டூரிஸ்டா அனுப்பிடுவோம், அங்க போயி மாத்திக்கலாம்."

அத்தான் ஒரே வார்த்தையில "மாட்டேன்"னுட்டாங்க.

இந்த 'அங்க போயி மாத்திக்கலாம்' இருக்கே, நம்ம பிள்ளைங்க மாட்டுன கதைகள்ல முக்கால்வாசி இதுலதான் தொடங்குது. டூரிஸ்டாப் போயி வேலை செஞ்சா அந்த ஊரு சட்டப்படி குத்தம். பிடிச்சா உள்ள வைப்பாங்க, திருப்பி அனுப்புவாங்க. அதைவிட மோசம், அடிச்சாலும் சம்பளம் தராட்டியும் பிள்ளை போலீஸ்கிட்ட போகப் பயப்படும். அந்தப் பயத்தை வச்சுத்தான் மோசடிக்காரன் பிழைக்கிறான். எந்த நாடா இருந்தாலும் சரி, பயிற்சிக்குன்னு போட்ட விசா கையில வராம பிள்ளைய ஏர்போர்ட் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க.

(பாஸ் தாமதமாத்தான் வந்துச்சு. கூடப் படிக்கிற பிள்ளைங்க முன்னாடி கிளம்பிட்டாங்கன்னு இவ அழுதா. அழட்டும்னு விட்டோம்.)

பாஸ்போர்ட்.

பாஸ்போர்ட் பிள்ளை கையிலதான் இருக்கணும். "பத்திரமா வச்சிருக்கோம்"னு ஹோட்டலோ ஏஜென்ட்டோ வாங்கி வச்சுக்க விடக் கூடாது. நம்ம பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசோட சொத்து. மலேசியாவிலயும் அடுத்தவங்க பாஸ்போர்ட்டை அனுமதி இல்லாம வச்சிருக்கிறது குத்தம். இதை ஆஃபர் லெட்டர்லயே ஒரு வரியாப் போடச் சொல்லிக் கேட்டோம். போட்டுக் குடுத்தாங்க. பாஸ்போர்ட், பாஸ், டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் நகல் அக்கா வீட்டு பீரோவுல ஒண்ணு, என் போன்ல ஒண்ணு.

பணம்.

இன்டர்ன்ஷிப்னு பேரு வச்சு வேலைக்கு ஆள் அனுப்புறவங்க இருக்காங்க. பேரைப் பாக்காதீங்க, காகிதத்தைப் பாருங்க. எத்தனை மணி நேரம், வாரம் எத்தனை நாள் லீவு, உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில வரும், யார் சொல்லிக் குடுப்பாங்க, கடைசியில என்ன சான்றிதழ். இது ஒண்ணும் இல்லாம வெறும் 'ட்ரெயினிங்'னு இருந்தா அது வேலைதான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கணும்னா 1983-ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜென்ட் பதிவு வாங்கியிருக்கணும். இ-மைக்ரேட் தளத்துல பேரைப் போட்டுப் பாக்கலாம். அவங்க வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி. அதுக்கு மேல கேட்டா, ரசீது தராம கேட்டா, தனி ஆளோட கணக்குல போடச் சொன்னா, பையைத் தூக்கிட்டுக் கிளம்பிருங்க.

நம்ம தமிழ்நாடு அரசே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஒரு நிறுவனம் நடத்துது. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978-ல இருந்து சென்னையில இருக்கு. ஏஜென்ட் சொல்ற சம்பளமும் நிபந்தனையும் நம்பும்படியா இருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்க அவங்க விளம்பரங்களைப் பாத்தாலே ஒரு கணக்கு கிடைக்கும்.

இன்சூரன்ஸ்.

இது யாரும் கேக்காத கேள்வி. கிச்சன்ல எண்ணெய் கொட்டி கை வெந்துட்டா யார் செலவு? மாணவர் பயணக் காப்பீடு எடுத்தாச்சுன்னு நிம்மதியா இருக்கக் கூடாது. வேலை செய்யும்போது அடிபட்டா அந்த பாலிசி குடுக்குமா குடுக்காதான்னு தனியாக் கேளுங்க, எழுத்துல வாங்குங்க. நாங்க கேட்டப்போ ஏஜென்சிக்காரருக்கே தெரியல. அப்புறம் ஹோட்டல் ஹெச்ஆர்கிட்ட இருந்து மெயில் வந்துச்சு, பயிற்சி நேரத்துல அடிபட்டா அவங்க பொறுப்புன்னு. அன்னிக்கு நோட்டுல அந்த வரி நீலமாச்சு.

இன்னொண்ணு. சில மாணவர் பாலிசியில, பிள்ளை ஆஸ்பத்திரியில சில நாள் தொடர்ந்து படுத்திருந்தா குடும்பத்துல ஒருத்தர் போயி வர டிக்கெட் செலவு தருவாங்க. இதைக் கேட்டதும் அக்கா முகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு பாருங்க! பிள்ளைக்கு முடியலன்னா தன்னால போக முடியும்கிற ஒரு உறுதி. அதுக்கு எத்தனை சொற்பொழிவும் ஈடாகாது.

அப்புறம், அந்த ராத்திரி ட்யூட்டி.

அதே ஹெச்ஆருக்கு அக்கா பேர்ல நான் மெயில் போட்டேன். மறுநாளே பதில் வந்துச்சு! ஸ்டாஃப் வேன் இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு கால் மணி நேரத்துல கிளம்பும். பெண் பிள்ளைங்களுக்குத் தனி மாடி, ஒரு ரூமுக்கு மூணு பேரு, கீழ வாட்ச்மேன். முதல் மாசம் ராத்திரி ஷிஃப்ட் கிடையாது. இவ்வளவுதான். இதை அந்த மேடையில ஒருத்தர் சொல்லியிருந்தா அந்த ஹால்ல இருந்த அத்தனை அம்மாக்களும் நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பாங்க.

அந்த மெயிலை அக்காவுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டுனேன். "இன்னொருக்க வாசி"ன்னா. வாசிச்சேன். "சரி, போகட்டும்"னா.

இதுக்கு நடுவுல எதிர் வீட்டுச் சித்தியும் எங்க நோட்டைப் பாக்க வந்தாங்க. அவங்க மகன் கப்பல் படிப்பு முடிச்சு டெக் கேடட்டாப் போகணும். கேடட்னா அதுவும் பயிற்சிதான். கப்பலே காலேஜ், கடலே ஹாஸ்டல். தூத்துக்குடிப் பக்கம் இது நிறைய.

அவங்க பயம் வேற. "எங்கனயோ கப்பலைப் பிடிச்சு வச்சுக்கிட்டாவன்னு டிவில போடுதாவளே?"

உண்மைதான். 2024 ஏப்ரல் 13-ல எம்எஸ்சி ஏரிஸ்ங்கிற சரக்குக் கப்பலை ஹார்முஸ் ஜலசந்திப் பக்கம் ஈரான்காரங்க பிடிச்சாங்க. கப்பல்ல 25 பேரு, அதுல 17 பேரு இந்தியர். அந்தப் பதினேழுல ஒருத்தி திருச்சூர் பக்கத்துப் பொண்ணு, பயிற்சி கேடட். நான் சித்திகிட்ட அந்தக் கதையோட மீதியையும் சொன்னேன். ஏப்ரல் 18-ஆம் தேதி அந்தப் பிள்ளை கொச்சியில வந்து இறங்கிட்டா. தூதரகம் பேசி முதல் ஆளா அவளைத்தான் அனுப்பி வச்சுச்சு. மத்தவங்களும் அப்புறம் விடுதலையானாங்க. அது பேரு தெரிஞ்ச கம்பெனிக் கப்பல். யார் யார் எந்தப் பதவியில இருக்காங்கன்னு கணக்கு இருந்துச்சு. கேக்க ஆள் இருந்தாங்க.

பேரு தெரியாத கப்பல்ல, லைசென்ஸ் இல்லாத ஏஜென்ட் ஏத்தி விட்ட பிள்ளைக்கு அந்தக் கணக்கு கிடையாது. சம்பளம் வராது. கடல்ல கழிச்ச மாசம் செல்லாதுன்னுடுவாங்க. வளைகுடாப் பக்கம் சின்னக் கப்பல்கள்ல மாட்டிக்கிட்டு, திரும்பி வர வழி தெரியாம நின்ன பையன்களும் உண்டு.

அதனால கப்பலுக்கு அனுப்புறவங்க பாக்க வேண்டியது: ஏஜென்ட்டுக்கு, கப்பலுக்கு ஆள் எடுக்கிறதுக்கான ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் இருக்கா? கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தோட தளத்துல பட்டியலே இருக்கு. இன்னிக்குத் தேதியில செல்லுபடியாகுதான்னும் பாருங்க. இன்னொண்ணு, கப்பல்ல வேலை வாங்கித் தர மாலுமிகிட்ட காசு வாங்குறதே சட்டப்படி தப்பு. 'ஜாயினிங்குக்கு' இத்தனை லட்சம்னு கேட்டா அங்கயே கதை முடிஞ்சுது.

2006-ஆம் வருஷக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைன்னு ஒண்ணு இருக்கு. இந்தியா 2015-ல ஏத்துக்கிச்சு. முதலாளி கப்பலைக் கைவிட்டுட்டாக் கூட மாலுமியை ஊருக்கு அனுப்பவும், பாக்கிச் சம்பளத்துல நாலு மாசம் வரைக்கும் குடுக்கவும் முன்கூட்டியே காப்பீடு கட்டியிருக்கணும். அந்தச் சான்றிதழைக் கப்பல்லயே ஒட்டி வச்சிருப்பாங்க. 2024 டிசம்பர்ல இருந்து, முடிஞ்ச வரைக்கும் கப்பல்ல இன்டர்நெட் வசதியும் தரணும்னு அதுலயே சேத்துட்டாங்க.

இதைச் சொன்னதும் சித்தி, "அப்ப வாட்சாப்பு வரும்லா?"ன்னாங்க.

வரும் சித்தி. தெனம் வராட்டியும் வரும்.

இனி பிள்ளைங்க பக்கம். அவங்களுக்கும் நியாயம் இருக்கு.

அக்கா முதல்ல போட்ட சட்டம், காலையில ஒரு போன், மத்தியானம் ஒரு போன், ராத்திரி வீடியோ கால், இருபத்து நாலு மணி நேரமும் லொகேஷன். அக்கா மக கேட்டா, "சித்தி, கிச்சன்ல போனே கொண்டுபோக விட மாட்டாங்க. நான் எடுக்கலன்னா அம்மா செத்துப் போவா. நான் அங்க வேலை கத்துக்கவா, போன் எடுக்கவா?"

நியாயமான கேள்வி. மலேசியா நம்மளைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அவ பதினொரு மணிக்கு ட்யூட்டி முடிச்சா நமக்கு எட்டரை. அதனால முடிவு பண்ணுனது இப்படி: தினமும் ரூமுக்கு வந்ததும் ஒரே ஒரு மெசேஜ், "வந்தாச்சு". அவ்வளவு போதும். வாரம் ஒரு நாள், அவளுக்கு லீவு இருக்கிற அன்னிக்கு, ஆற அமர வீடியோ கால். "வந்தாச்சு" வராம ரெண்டு மணி நேரம் ஆனா முதல்ல ரூம்மேட்டுக்கு, அடுத்து ஹாஸ்டல் வார்டனுக்கு, அடுத்து ஹெச்ஆருக்கு. வரிசை நோட்டுல இருக்கு. அழுதுகிட்டு ஊரையே எழுப்ப வேண்டியதில்ல.

ஒரு ரகசிய வார்த்தையும் வச்சோம். பக்கத்துல ஆள் இருக்கு, வெளிப்படையாப் பேச முடியல, எனக்குச் சரியில்லன்னு சொல்லணும்னா, ஒரு குறிப்பிட்ட பண்டத்தைப் பத்தி ஆச்சிகிட்ட விசாரிக்கணும். (என்ன பண்டம்னு இங்க எழுத மாட்டேன். உடன்குடிப் பக்கம் வாங்குறதுன்னு மட்டும் வச்சுக்கோங்க.) அது காதுல விழுந்தா இங்க யாரும் மேல கேள்வி கேக்க மாட்டோம், நேரா அடுத்த வேலை. ஆச்சிக்கு இதுல ரொம்பப் பெருமை. தன்னை நம்பி ஒரு பொறுப்பு குடுத்திருக்காங்கன்னு.

இன்னொரு உறுதியும் குடுத்தோம். இதுதான் எல்லாத்தையும்விட முக்கியம்னு நினைக்கிறேன். "உனக்குப் பிடிக்கல, பயமா இருக்குன்னா, ஏன்னு கேக்க மாட்டோம். கிளம்பி வந்துரு. கட்டுன காசு போனாப் போகட்டும், வருஷம் போனாப் போகட்டும்"னு அத்தான் அவ முன்னாடி உட்கார்ந்து சொன்னாங்க. திரும்பி வர டிக்கெட் தேதி மாத்திக்கிற மாதிரி எடுத்தாச்சு. நிறையப் பிள்ளைங்க ஆபத்துல மாட்டி வெளிய சொல்லாம இருக்கிறதுக்குக் காரணம், வீட்டுல கடன் வாங்கி அனுப்பியிருக்காங்களேன்னுதான். அந்தப் பாரத்தைப் பிள்ளை தலையில ஏத்தி அனுப்பாதீங்க.

திருச்சியில இருந்து விமானம். போய்ச் சேர்ந்த அன்னிக்கு ராத்திரி வீடியோ கால்ல அக்கா முதல்ல கேட்டது சாப்பாட்டைப் பத்தி இல்ல.

"கதவைக் காட்டு. உள்ள தாப்பா இருக்கா? போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டுனா.

"ஜன்னல்?"

காட்டுனா. ஏழாவது மாடி.

"தீப் பிடிச்சா எங்கிட்டு இறங்கணும்?"

அந்தப் பிள்ளை போனைத் தூக்கிட்டு வராண்டாவுல நடந்து, பச்சை லைட் எரியிற படிக்கட்டு வரைக்கும் போயிக் காட்டுனா. கூட இருந்த மத்த ரெண்டு பிள்ளைங்களும், அதுவரைக்கும் அந்தப் படிக்கட்டைப் பாக்காதவங்க, பின்னாலயே வந்து பாத்துக்கிட்டாங்க. பத்தாங்கிளாஸ் தாண்டாத அக்கா கேட்ட கேள்வியால மூணு பிள்ளைக்கு வழி தெரிஞ்சுது. இவளைத்தான் அன்னிக்கு மைக் பிடிச்சவர் 'பாசிட்டிவா இருங்க'ன்னாரு.

காலேஜ் நடத்துறவங்க, ப்ளேஸ்மென்ட் பாக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, தயவு செஞ்சு கேளுங்க. பெத்தவங்க கூட்டத்துல நீச்சல் குளம் படம் வேண்டாம். ஒரே ஒரு தாள் போதும், தமிழ்ல. விசா பேரு, தங்குற விலாசம், ராத்திரி வர்ற வண்டி, வார்டன் நம்பர், காலேஜ்ல ராத்திரி ரெண்டு மணிக்கும் போன் எடுக்கிற ஆளோட நம்பர், இன்சூரன்ஸ் விவரம், நடுவுல திரும்பி வந்தா படிப்பு என்ன ஆகும்கிற பதில். நம்ம சீனியர் ஒருத்தரை, ஏற்கெனவே போயிட்டு வந்த பிள்ளைய, மேடையில ஏத்திப் பேச விடுங்க. நல்லதையும் சொல்லட்டும், கஷ்டத்தையும் சொல்லட்டும். பதில் தெரியாத கேள்வி வந்தா, "கேட்டு எழுத்துல தர்றோம்மா"ன்னு சொல்லுங்க. அதுல உங்க மரியாதை கூடும்.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. பயத்துல பிள்ளைய அனுப்பவே மாட்டேன்னு சொல்லிராதீங்க. அங்க போன பிள்ளை ஆறு மாசத்துல கத்துக்கிறது இங்க ஆறு வருஷத்துலயும் வராது. பொட்டப் பிள்ளைன்னு நிறுத்துறதுல எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்ல. கேள்வி கேளுங்க. பதில் எழுத்துல வந்தா அனுப்புங்க. வரலன்னா அந்த ஏஜென்ட்டை விட்டுட்டு வேற இடம் பாருங்க.

இதை மட்டும் வீட்டுச் சுவத்துல எழுதி ஒட்டிருங்க:

வெளிநாட்டுல இருக்கிற இந்தியர்களுக்கான மத்திய அரசு உதவி மையம்: 1800 11 3090.

தமிழ்நாடு அரசோட அயலகத் தமிழர் நலத்துறை, இந்தியாவுக்குள்ள இருந்து: 1800 309 3793. வெளிநாட்டுல இருந்துன்னா 91 80 6900 9900, 91 80 6900 9901.

வெளியுறவு அமைச்சகத்தோட 'மதத்' தளத்துல பிள்ளை பேரைப் போன உடனே பதிஞ்சு வைங்க. பிரச்சினை வந்தா புகார் குடுக்கிறதும் அங்கதான்.

அந்தந்த நாட்டு இந்தியத் தூதரக நம்பரைப் பிள்ளை போன்ல மட்டும் வைக்காம, ஒரு துண்டுத் தாள்ல எழுதி பாஸ்போர்ட்டுக்குள்ளயும் வைங்க. போன் தொலைஞ்சாலும் தாள் இருக்கும்.

கூட்டத்துல எந்திரிச்சுக் கேக்க வெக்கப்படாதீங்க. நீங்க கேட்டா, கேக்கத் தெரியாம உட்கார்ந்திருக்கிற நாலு அம்மாக்களுக்கும் சேர்த்துப் பதில் வரும்.